காலைல பிடிச்சு வெச்ச தண்ணி

மே மாசம் சென்னையில பகல் பதினொரு மணிக்கு மேல குழாயத் திறந்தா வர்றது சுடுதண்ணி. மொட்டை மாடியில கறுப்பு சின்டெக்ஸ் டேங்க் காலைல இருந்து வெயில்ல காயுது, அந்தத் தண்ணிதான் பைப் வழியா கீழ வருது. வருஷா வருஷம் இப்படித்தான். ஆனா இந்த ஏப்ரல் கடைசியில பாப்பாவுக்கு கால் கழுவிவிட தூக்கிட்டுப் போய், அவசரத்துல கை வெச்சுப் பாக்காம குழாயத் திறந்துட்டேன், அவ வீல்னு கத்தின கத்து இன்னும் காதுக்குள்ள இருக்கு. நல்லவேளை லேசா செவந்ததோட போச்சு, குடிக்கிற தண்ணிய எடுத்து ஊத்திகிட்டே இருந்தேன், அரை மணி நேரத்துல அவ சிரிச்சிட்டா. எனக்கு சரியாக ரெண்டு நாள் ஆச்சு.

அன்னையில இருந்து காலைல ஆறு மணிக்குள்ள, டேங்க் தண்ணி சில்லுனு இருக்கும்போதே பெரிய டிரம்ல பிடிச்சு மூடி வெச்சிடறேன். பிள்ளைங்களோட அன்னைக்கு நடக்கற தண்ணி விளையாட்டு எல்லாம் அந்த டிரம்ல இருந்துதான். கோடையில சின்னப் பிள்ளைங்கள வெச்சுகிட்டு இருக்கறதப் பத்தி நான் கத்துகிட்டது கிட்டத்தட்ட முழுசும் இதுக்குள்ள அடங்கிடும். பகல்ல என்ன பண்ணப் போறோம்ங்கறத விடியக்காலைலயே முடிவு பண்ணிடணும், பத்து மணிக்கு மேல யோசிச்சா வெயில் நமக்கு பதிலா முடிவு பண்ணிடும்.

எங்க வீட்ல ரெண்டு பேர். மூத்தவனுக்கு ரெண்டு வயசு எட்டு மாசம், பாப்பாவுக்கு எட்டு மாசம். நங்கநல்லூர்ல ரெண்டாவது மாடி, மேல மொட்டை மாடிதான், அதனால வெக்கை நேரா இறங்கும். "லீவுக்கு பையன எந்த கேம்ப்ல சேத்துருக்க"ன்னு மார்ச் மாசத்துல இருந்தே நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க, ரெண்டரை வயசுப் பையனுக்கு! யாரையும் குத்தம் சொல்லல, வேலைக்குப் போற அம்மாக்களுக்கு பகல்ல பிள்ளைய விட ஒரு இடம் வேணும், அது நிஜமான தேவை. ஆனா இந்த வயசுப் பிள்ளைக்கு ஆக்டிவிட்டின்னு தனியா ஒண்ணு காசு கொடுத்து வாங்கித் தரணும்னு நினைச்சு நெறைய பேர் தவிக்கறாங்க, அந்தத் தவிப்பு தேவையே இல்லன்னு சொல்லத்தான் இதை எழுதறேன். வெயில், நிழல், காத்து, மழை எல்லாமே இவங்களுக்குப் புதுசு. பாப்பாவுக்கு இதுதான் முதல் கோடை, பையனுக்கு நினைவு தெரிஞ்ச முதல் கோடை.

போன வருஷம் நான் பண்ணின தப்ப முதல்ல சொல்லிடறேன். அவனுக்கு ஒண்ணேமுக்கால் வயசு, நான் அஞ்சு மாசம் முழுகாம இருந்தேன், வீட்ல அடைஞ்சு கிடக்கானேன்னு மனசு கேக்காம ஒரு நாள் காலைல பதினொரு மணிக்கு பார்க்குக்கு கூட்டிட்டுப் போனேன். சறுக்குமரம் தொட முடியாத சூடு, ஊஞ்சல் சங்கிலியும் அப்படித்தான், அவன் நிழல்ல மண்ணு அள்ளி விளையாடிட்டு இருந்தான், நானும் நிழல்தானேன்னு இருந்துட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட மாட்டேன்னுட்டு துவண்டு படுத்துட்டான், ஒடம்பு அனலா கொதிச்சுது. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "கடைசியா எப்பம்மா மூத்திரம் போனான்"ங்கறதுதான். எனக்கு பதில் தெரியல. காலைல எட்டு மணிக்குப் போட்ட டயபர் மதியம் ரெண்டு மணிக்கும் காஞ்சு கிடந்துச்சு, நான் அத லேசா இருக்கே மாத்த வேண்டாம்னு நினைச்சிருக்கேன். ஓஆர்எஸ் கரைச்சு ஸ்பூன் ஸ்பூனா கொடுத்து சாயங்காலத்துக்குள்ள தெளிஞ்சிட்டான்.

அப்ப டாக்டர் பொறுமையா சொன்னது இன்னும் மனசுல இருக்கு. சின்னப் பிள்ளைங்களுக்கு எடையோட ஒப்பிட்டா தோல் பரப்பு நம்மள விட அதிகம், அதனால வெளிச் சூடு நம்மள விட வேகமா அவங்களுக்குள்ள ஏறும், வேர்த்து ஒடம்பக் குளிர வைக்கிற திறமையும் நம்ம அளவுக்கு வளந்திருக்காது, தாகமா இருக்குன்னு சொல்லவும் தெரியாது. நாக்கு வறண்டு இருக்கறது, அழுதா கண்ணீர் வராதது, கண்ணு உள்ள போன மாதிரி இருக்கறது, கைக்குழந்தைன்னா உச்சிக்குழி பள்ளமாத் தெரியறது, கூப்பிட்டா சரியா பாக்காம மந்தமாக் கிடக்கறது, இதுல எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் பாத்துட்டு உக்காராம டாக்டர்கிட்ட போயிடணும். இப்ப வெயில் காலத்துல டயபர் வெளிய போறப்ப மட்டும்தான், வீட்ல பருத்தித் துணி. ஈரம் கையில படும், எத்தனை தடவை போனாங்கன்னு தானா தெரிஞ்சிடும்.

தண்ணி குடிக்கிறதப் பத்தி ஒண்ணு. ஆறு மாசத்துக்குள்ள இருக்கற, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு கத்திரி வெயிலா இருந்தாலும் தனியா தண்ணி தேவையில்லன்னு உலக சுகாதார நிறுவனம் தெளிவா சொல்லுது, பால்லயே வேணுங்கற தண்ணி இருக்கு, அடிக்கடி கொடுக்கணும், அவ்வளவுதான். எதிர் வீட்ல மூணு மாசக் குழந்தைக்கு நாக்கு வறண்டுடும்னு சங்குல தண்ணி கொடுத்துட்டு இருந்தாங்க, நான் சொன்னதுக்கு முதல்ல கோவம்தான் வந்துச்சு, அப்புறம் அவங்க டாக்டரும் அதையே சொன்னதும் நிறுத்திட்டாங்க. குழந்தைக்கு கொடுக்கணும்னா அம்மா தண்ணி குடிக்கணும், இத யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. பால் கொடுக்க உக்காரும்போதெல்லாம் பக்கத்துல ஒரு சொம்பு தண்ணி வெச்சுக்கறேன்.

சரி, எங்க நாள் எப்படிப் போகுதுன்னா, காலைல அஞ்சே முக்காலுக்கு பாப்பா முழிச்சிடுவா. முன்னாடி எல்லாம் எப்படியாவது திரும்பத் தூங்க வைக்கப் பாப்பேன், இப்ப அப்படியே தூக்கிட்டு கீழ இறங்கிடறேன், அவனும் கண்ணக் கசக்கிட்டே செருப்ப மாத்திப் போட்டுகிட்டு வருவான். கீழ் வீட்டு அக்கா வாசல் தெளிச்சு கோலம் போட்டுட்டு இருப்பாங்க, அவனுக்கும் ஒரு சின்ன சொம்பு உண்டு, தெளிக்கிறேன்னு தன் கால்லயே ஊத்திப்பான். கோலப்பொடி கொஞ்சம் அவன் கைல கொடுப்பாங்க, ஓரமா ஒரு கோடு இழுத்துட்டு "கோலம்"ம்பான். பாப்பா என் இடுப்புல இருந்தபடி கோழிக்குஞ்சு மாதிரி தலையத் திருப்பித் திருப்பி பால்காரர், பூக்காரம்மா, தெருநாய், மேல பறக்கற ப்ளேன் எல்லாத்தையும் பாத்துகிட்டே இருப்பா. ஏர்போர்ட் பக்கத்துல இருக்கறதால ப்ளேன் எங்களுக்கு தாழத்தான் போகும், சத்தம் கேட்டதும் அவ வாயத் திறந்து நிக்கறது அவ்வளவு அழகா இருக்கும்.

ஏப்ரல், மே ரெண்டு மாசமும் சென்னைத் தெருவுல மரத்தடி பாத்தீங்கன்னா அதுவே பெரிய விளையாட்டுச் சாமான். வேப்பம்பூ, அப்புறம் புங்கைப்பூ, பொரி கொட்டின மாதிரி தரை முழுக்கக் கிடக்கும். செம்மயில்கொன்றை செவப்பா எரியும். அதோட மொக்கப் பிரிச்சா உள்ள செவந்த தோல் இருக்கும் பாருங்க, அத நகத்துல ஒட்டி வெச்சுகிட்டு நாங்கெல்லாம் சின்ன வயசுல நகப்பாலிஷ்னு காட்டிட்டுத் திரிவோம், இப்ப அவன் பத்து விரலையும் நீட்டிகிட்டு ஒட்டு ஒட்டுங்கறான். பாப்பா எத எடுத்தாலும் வாய்க்குத்தான் கொண்டு போவா, அதனால அவளுக்கு பெரிய புங்க இலை ஒண்ண கையில கொடுத்து நான் காம்பப் பிடிச்சுப்பேன், தடவிப் பாக்கட்டும். ஏழரை மணி, ரொம்பப் போனா எட்டு. அதுக்கு மேல வெளிய கிடையாது. ஆறு மாசத்துக்குள்ள குழந்தைன்னா நேர் வெயிலே படாம பாத்துக்கணும், சன்ஸ்கிரீன் தடவி சமாளிக்கலாம்ங்கறது அந்த வயசுக்கு பொதுவா ஆகாது. தள்ளுவண்டி வெச்சிருக்கறவங்க வெயில் படாம மேல துணி போட்டு மூடறாங்க, தயவுசெஞ்சு வேண்டாம், உள்ள காத்து நின்னு போய் வெளிய விட சூடாயிடும்.

ஒன்பது மணிக்கு மேல டிரம் தண்ணி. பால்கனி நிழல்ல பழைய கோரைப்பாய விரிச்சு, பெரிய அலுமினிய அன்னக்கூடையில அவனுக்குத் தண்ணி, பாப்பாவுக்கு அகலமான தாம்பாளத்துல ரெண்டு விரக்கடை தண்ணி. தேங்காய் சிரட்டை, எவர்சில்வர் டம்ளர், காபி வடிகட்டி, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு கரண்டி, இவ்வளவுதான் சாமான். சிரட்டை மிதக்கும், கரண்டி முங்கும், எலுமிச்சம்பழம் முங்கற மாதிரி போயி மேல வந்துடும். பதினஞ்சு நாளா தினமும் அதே எலுமிச்சம்பழத்த அழுத்தி அழுத்தி விட்டுட்டு அது மேல வர்றப்ப தினமும் அதே சந்தோஷம். வடிகட்டில தண்ணி நிக்காதுன்னு புரிய அவனுக்கு நாலு நாள் ஆச்சு, நான் சொல்லிக் கொடுக்கல, சொல்லிக் கொடுத்திருந்தா அந்த நாலு நாள் போயிருக்கும். பாப்பா தட்டுத் தண்ணிய படபடன்னு அடிப்பா, மூஞ்சில தெறிச்சா ஒரு நிமிஷம் மூச்ச இழுத்துப் பிடிச்சிட்டு சிரிப்பா. டப்பால தண்ணியோட செம்பருத்தி இதழப் போட்டு ராத்திரி ஃப்ரீசர்ல வெச்சா காலைல கண்ணாடிக்குள்ள பூ, செங்கல் சைஸ்ல பெருசா உறைய வைக்கணும், சின்ன ஐஸ் துண்டுன்னா தொண்டைல மாட்டிக்கும்.

இந்த இடத்துல கொஞ்சம் கடுமையாவே சொல்றேன். அந்த ஒரு மணி நேரம் ஃபோன் கையில இருக்கக் கூடாது. காலிங் பெல் அடிச்சா ரெண்டு பேரையும் தூக்கிட்டுத்தான் கதவத் திறக்கணும். சின்னப் பிள்ளைக்குத் தலை கனம், வாளிக்குள்ள எட்டிப் பாத்துக் கவுந்தா தானா நிமிர முடியாது, ரெண்டு மூணு அங்குலத் தண்ணி போதும், சத்தமும் வராது. சினிமால காட்டற மாதிரி கைய கால அடிச்சு கத்தறதெல்லாம் நடக்காது. விளையாடி முடிச்சதும் எல்லாத் தண்ணியையும் செடிக்கு ஊத்திடுவோம், அவனும் சொம்புல மொண்டு ஊத்துவான். டிரம்முக்கு இறுக்கமான மூடி, பாத்ரூம் கதவுக்கு வெளிய, என் தோள் உயரத்துல ஒரு தாழ்ப்பாள். நம்ம ஊர் பாத்ரூம்ல எப்பவும் நிறைஞ்ச வாளி நிக்கும், தண்ணி கஷ்டத்துல வந்த பழக்கம், பிள்ளை தவழ ஆரம்பிச்ச வீட்ல அந்தப் பழக்கத்துக்கு ஒரு தாழ்ப்பாள் சேத்தே ஆகணும்.

பகல் பதினொண்ணுல இருந்து நாலு வரைக்கும் வீட்டுக்குள்ளதான். எங்களுக்கு ஒரே ரூம்ல ஏசி, அதுவும் மதியத் தூக்கத்துக்கு மட்டும், மத்த நேரம் ஃபேனும் இழுத்து விட்ட திரையும். அம்மா ஊர்ல ஜன்னல்ல வெட்டிவேர் தட்டி கட்டி தண்ணி தெளிப்பாங்க, ஜில்லுனு இருக்கும், அத இங்க கட்டிப் பாத்தேன், வாசனைதான் வந்துச்சு, குளிர்ச்சி அவ்வளவா இல்ல. காத்துல ஏற்கனவே ஈரம் இருக்கற ஊர்ல தண்ணி ஆவியாகறது மந்தம், ஆவியானாத்தானே குளிரும். மண்பானைத் தண்ணியும் இதே கதைதான், எங்க ஊர்ல பல்லு கூசும், இங்க சுமாராத்தான் இருக்கும்.

பாப்பாவுக்கு தரைல பாய் விரிச்சு குப்புறப் போட்டுடுவேன், தவழப் பாக்கறா, பாய்லயே சுத்திச் சுத்தி வர்றா. மெத்தைல படுத்தா முதுகு வேர்க்கும், பத்தமடைக் கோரைப்பாய்ல அப்படி வேர்க்காது, எங்கம்மா எனக்கு விரிச்ச அதே பாய். பழைய பருத்திப் புடவைல கட்டின தூளிதான் பகல் தூக்கத்துக்கு. டிவி, ஃபோன் ரெண்டும் ரெண்டு வயசு வரைக்கும் அவனுக்குக் காட்டல. 2019ல உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்லயும் ஒரு வயசுக்குள்ள ஸ்கிரீன் வேண்டவே வேண்டாம், ரெண்டு வயசுல இருந்து நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளன்னுதான் இருக்கு. இப்ப அவனுக்கு சில நாள் இருபது நிமிஷம் பாட்டு போட்டு விடறேன், நான் குளிக்கணும்ல. அதுக்காக எந்த அம்மாவும் அழ வேண்டாம்.

மதியத்துல எங்களுக்குக் கிடைச்ச பெரிய விளையாட்டு நிழல். மேற்கு ஜன்னல் கம்பி நிழல் ரெண்டரை மணிக்கு தரைல விழும், அவன் சாக்பீஸால அது மேலயே கோடு போடுவான், தூங்கி எந்திரிச்சு வந்து பாத்தா கோடு ஒரு பக்கம் நிழல் ஒரு பக்கம். முதல் நாள் ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டு "அம்மா, ஜன்னல் நடந்து போச்சு"ன்னான். ஏப்ரல் 24 வாக்குல சென்னையில நிழலில்லா நாள் வரும், பகல் பன்னெண்டு தாண்டி ஏழு நிமிஷம் வாக்குல சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிக்கும், நேரா நிறுத்தின குச்சிக்கு நிழலே விழாது. தொப்பி, செருப்பு எல்லாம் மாட்டி ரெண்டே ரெண்டு நிமிஷம் மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். கீழ குனிஞ்சு கால் பக்கத்துல தேடினான், திரும்பித் திரும்பிப் பாத்தான், ஒரு கால தூக்கினான், அந்தக் காலுக்கு அடியில இருந்துச்சு நிழல்! அத மறுபடி மிதிச்சு மூடிட்டான். அன்னைக்கு முழுக்க வீட்டுக்குள்ள கால தூக்கித் தூக்கி வெச்சு நடந்தான்.

சாயங்காலம் கடல்காத்துக்காக எல்லாருமே காத்திருப்போம். சென்னைல வெயில் எவ்வளவு ஏறும்ங்கறதே அந்தக் காத்து எப்ப உள்ள வருதுங்கறதப் பொறுத்ததுதான், மதியம் ஒரு மணிக்கே வந்துட்டா பொழைச்சோம், மேற்குக் காத்து பலமா அடிச்சு அத தள்ளிப் போட்டா நாப்பதத் தாண்டிடும். 2003 மே 31 அன்னைக்கு நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி பதிவாச்சு. காத்து வந்துடுச்சான்னு பாக்க என்கிட்ட ஒரு வழி இருக்கு, பால்கனி கொடில காயற துணி எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாப்பேன், இப்ப அவனும் "காத்து வந்துச்சு"ன்னு சொல்றான். வாரத்துல ஒரு நாள் அஞ்சரை மணிக்கு மேல பெசன்ட் நகர் பீச். ஈர மண்ண வாளில அமுக்கிக் கவுத்தறது, அத மிதிக்கிறது, மறுபடி கவுத்தறது. பாப்பாவ பாய்ல உக்கார வெச்சு ஒரு பிடி மண்ண கையில ஊத்தினா விரல் இடுக்குல ஒழுகறதயே பாத்துட்டு இருப்பா. அலைல கால் நனைக்கறது நான் அவன் ரெண்டு கையையும் பிடிச்சிருக்கும்போது மட்டும், இந்தக் கடற்கரைல இழுப்பு ஜாஸ்தி.

மாடி அனல் தாங்கவே முடியாத நாளுக்கு எங்ககிட்ட ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு மெட்ரோ. எங்கயும் போறதுக்கு இல்ல, சும்மா போறதுக்கு. நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷன்ல ஏறினா நடுவுல மீனம்பாக்கம், அடுத்தது ஏர்போர்ட், முடிஞ்சிது. ரயில் பாலத்து மேல போகும், இறங்கி கொஞ்ச நேரம் உக்காந்துட்டு திரும்பி வருவோம், மொத்தம் ஒரு மணி நேரம், ஏசி, ரயில், ப்ளேன், எஸ்கலேட்டர், ஒரு ரெண்டரை வயசுக்காரனுக்கு இதுக்கு மேல என்ன வேணும். இன்னொண்ணு கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2010ல திறந்தது, பிள்ளைங்களுக்குன்னு தனிப் பகுதி இருக்கு, நடுவுல பெரிய மரம் மாதிரி செஞ்சு வெச்சிருப்பாங்க. பெரிய படப் புத்தகமா எடுத்து தரைல உக்காந்து அவன் ஒண்ணு, பாப்பாவுக்குக் காட்ட நான் ஒண்ணு. மதுரைல இருக்கறவங்களுக்கு 2023ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துலயும் பிள்ளைங்க பகுதி இருக்கு. காசு வாங்கற விளையாட்டுக் கூடத்துக்கும் ஒரு தடவை போனோம், பேர் வேண்டாம், சத்தமும் லைட்டும் தாங்காம பாப்பா அழுதா, பெரிய பிள்ளைங்க ஓடற வேகத்துல இவன் ரெண்டு தடவை விழுந்தான், நாப்பது நிமிஷத்துல வந்துட்டோம். கார்ல போறவங்களுக்கு ஒரு வார்த்தை, ரெண்டு நிமிஷம்தானேன்னு பிள்ளைய உள்ள விட்டுட்டு கடைக்கு இறங்காதீங்க, கண்ணாடி மூடின வண்டி பத்தே நிமிஷத்துல பத்து டிகிரிக்கு மேல ஏறும்.

இந்த 2025 கோடையில மே மாசம் நடுநடுவுல நல்ல மழை. கத்திரி மே 4ல இருந்து 28 வரைக்கும்னு காலண்டர்ல போட்டிருந்துச்சு, ஆனா பல நாள் சாயங்காலம் இருட்டிகிட்டு வந்துடும். இடி மின்னல் ஓயற வரைக்கும் ஜன்னல்ல இருந்துதான் வேடிக்கை. பாப்பாவுக்கு முதல் இடி, ஒடம்பு தூக்கிப் போட்டுச்சு, நான் ஒவ்வொரு தடவையும் "டமடம டும்"னு அவ காதுகிட்ட சொன்னேன், நாலாவது இடிக்கு அழாம என் வாயப் பாத்தா. மழை நின்னதும் தெருவுக்கு இறங்க மாட்டோம், நகரத்துத் தெருத் தண்ணில சாக்கடை கலந்திருக்கும். மொட்டை மாடிதான் எங்க குட்டை. சூடா கிடந்த தளத்துல மழை பட்டு ஆவி பறக்கும், பள்ளத்துல தேங்கின தண்ணில அவன் குதிப்பான், பேப்பர் கப்பல் விடுவோம், ராத்திரி லைட்டச் சுத்தி ஈசல் வரும். மறுநாள் காலைல அந்தத் தண்ணிய வாரியலால தள்ளி விட்டுடணும், தேங்கினா டெங்கு கொசு, அது பகல்ல கடிக்கிற கொசு, பகல்ல தூங்கற பிள்ளைக்கு வலை கட்டணும்னு நெறைய பேருக்குத் தோணறது இல்ல.

மே இருபது வாக்குல தென்காசி பக்கம் எங்க அம்மா வீட்டுக்கு வந்துட்டோம். வந்த மறுநாளே ஒன்பது மணிக்கு பையனக் கூட்டிட்டு கடைக்குக் கிளம்பினேன், அம்மா வாசல்லயே மறிச்சாங்க. "ஏட்டி, இந்த வெயில்ல பச்சப்புள்ளைய எங்க இழுத்துட்டுப் போற, உள்ள வா, அந்தால தார்சால உக்காரு, வெயில் தாழட்டும்." நான் டாக்டர்கிட்டயும் அனுபவத்துலயும் கத்துகிட்டது எல்லாம் அம்மாவுக்கு வீட்டுப் பழக்கமா இருக்கு. விடியறதுக்கு முன்னாடி அடுக்களை வேலை முடிஞ்சிடும், பத்து மணிக்கு ஜன்னல் கதவெல்லாம் சாத்திடுவாங்க, வீடு இருட்டாயிடும், செவப்புத் தரை பாதத்துல ஜில்லுங்கும், நாலு மணிக்கு எல்லாம் திறந்து தண்ணி தெளிப்பாங்க. எங்க சின்ன வயசுல எங்கள மதியம் வெளிய விடலன்னு எவ்வளவு அழுதிருப்போம்.

காலைல ஆறு மணிக்கு மாடில கூழ்வத்தல். ராத்திரியே காய்ச்சி வெச்ச அரிசிக் கூழ அம்மா பழைய வேட்டில கரண்டி கரண்டியா ஊத்திட்டுப் போவாங்க, வேட்டி ஓரத்துல அவனுக்குன்னு ஒரு முழம் இடம், ஒரு சின்னக் கரண்டி. அவன் ஊத்தினது எல்லாம் கண்டபடி இருக்கும், ஆச்சி அதையும் சேத்துக் காய வெச்சு, உரிச்சு, தனி டப்பால போட்டு "இது எங்க ராசா வத்தல்"னு பேரும் வெச்சுட்டாங்க. நாலு நாள் கழிச்சுப் பொரிச்சப்ப அவன் அத தட்டுல வெச்சுப் பாத்துகிட்டே இருந்தான், சாப்பிட மனசில்ல. காக்கா வெரட்டற வேலையும் அவனுக்குத்தான், தாத்தா துண்ட தலைல போட்டு நிழல்ல உக்காந்துகிட்டு "சூ சூ"ம்பான்.

அப்புறம் நுங்கு. தாத்தா குலையோட வாங்கிட்டு வருவார், தோல உரிச்சு நல்லா மசிச்சு பாப்பாவுக்கு ரெண்டு ஸ்பூன், முழுசா கொடுத்தா வழுக்கித் தொண்டைல போயிடும், அவனுக்கும் கையால கிள்ளிக் கிள்ளித்தான். காலியான ரெண்டு கூந்தல, அதான் நுங்கு எடுத்த பனங்காய்க் கூட, எடுத்து நடுவுல குச்சி சொருகி, கவட்டைக் கம்பு வெச்சு தாத்தா பத்து நிமிஷத்துல நுங்கு வண்டி பண்ணிட்டார். அவன் அத வளவு முழுக்க தள்ளிட்டுத் திரியறான், தூங்கும்போது பக்கத்துல வேணும். மூணு நாள்ல சுருங்கிடும், தாத்தா வேற பண்ணுவார். பாப்பா அதப் பாத்துதான் தவழவே ஆரம்பிச்சா, உருண்டு போற வண்டி பின்னாடியே வயித்த இழுத்துட்டு ஒரு சாண் போனா, வீடே கை தட்டிச்சு.

இந்த வருஷம் கேரளாவுல மே 24ஆம் தேதியே பருவமழை இறங்கிடுச்சு, வழக்கமா ஜூன் 1 ஆகும். மலைக்கு அந்தப் பக்கம் மழைன்னா செங்கோட்டைக் கணவாய் வழியா எங்களுக்குக் காத்து, அந்தக் காத்தோட சாரல். வெயிலும் அடிக்கும், மேல மாவு சலிச்ச மாதிரி பொடித் தண்ணியும் விழும். பையன் முத நாள் "யாரு தெளிக்கறா"ன்னு மேல பாத்துக் கேட்டான். பாப்பாவ தாத்தா தோள்ல போட்டுகிட்டு வாசல்ல நின்னா, கைய விரிச்சு விரிச்சு மூடுவா, உள்ள ஒண்ணும் இருக்காது, மறுபடி விரிப்பா. நனையறதுனால சளி பிடிக்காதுன்னு நான் சொல்ல, அம்மா கேக்காம துண்டால தலையத் துவட்டிகிட்டே இருப்பாங்க, ரெண்டு பேரும் விட்டுக் கொடுக்கல.

குத்தாலத்துக்குப் போகலையான்னு எல்லாரும் கேட்டாங்க. போனோம், கூட்டம் இல்லாத ஒரு காலைல, தூரத்துல நின்னு அருவியப் பாத்தோம், சத்தத்தக் கேட்டோம், காத்துல வந்த திவலை மூஞ்சில பட்டுச்சு, திரும்பிட்டோம். 2024 மே 17ஆம் தேதி பழைய குத்தாலத்துல திடீர்னு காட்டாத்து வெள்ளம் இறங்கி ஒரு பையன் போயிட்டான், பதினேழு வயசு. கீழ வெயில் அடிச்சாலும் மலை மேல மழை பெய்யறது நமக்குத் தெரியாது. கைக்குழந்தைய அருவில காட்டறதுல எனக்கு உடன்பாடு இல்ல, அந்தத் தண்ணி வேகம் பெரியவங்க தோளயே அறையும். அருவி எங்கயும் போயிடாது, அவங்க வளரட்டும்.

ஞாயித்துக்கிழமை பொதிகை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட். பாய சுருட்டியாச்சு, ராசா வத்தல் டப்பா பைக்குள்ள போயாச்சு, நுங்கு வண்டியோட கவட்டைக் கம்ப மட்டும் எடுத்துட்டு வரணும்னு அவன் பிடிவாதம், சரின்னுட்டேன். சென்னையில இன்னும் வெயில் தாழலன்னு என் வீட்டுக்காரர் ஃபோன்ல சொன்னார். திங்கக்கிழமை காலைல தாம்பரத்துல இறங்கி வெயில் ஏறுறதுக்குள்ள வீட்டுக்கு வந்துருவோம், அதுக்குள்ள டிரம்ல தண்ணி பிடிச்சு, மூடி போட்டு, பாத்ரூம் தாழ்ப்பாள வெளியில போட்டு வைங்கன்னு சொல்லிட்டேன்.